பந்தயக் காருக்கு ஒரு தாழ்ப்பாள்

இருட்டின பிறகு அலுமினியம் கதைக்கிற தொழில் எங்களுடையது.

டெனிஷ் நகரமான ஒடென்சேயில் ஒரு சின்னப் பட்டறை. முன்னொரு காலத்தில் இங்கிலாந்தில் பந்தயம் ஓடிய, இரண்டு பேர் இருக்கக்கூடிய, பாரமே இல்லாத ஒரு காரை அடியிலிருந்து திரும்பச் செய்கிறோம். அசல் வரைபடம் ஒன்றும் இல்லை. எங்கேயோ மோதி நெளிந்த ஒரு எலும்புக்கூடும் கொஞ்சப் படங்களும்தான். அதை அளந்து கொம்பியூட்டரில் வரைவது என் வேலை. முதலாளி பிரேபன் டெனிஷ்காரர். குழாய் ஒட்டுகிறவர் மன்னார்ச் சவிரி அண்ணை. என் அவருக்குப் பாண் சுடுகிற பக்டரியில் இரவு வேலை. சின்ன மகளோடு தனியே படுத்து, மாடிப்படியில் யாரும் நடந்தாலே எழும்பி உட்காருகிறவள் நான். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று திரும்பப் போய்ப் பார்க்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

சத்தம்

மார்கழியில் இங்கே பின்னேரத் தேத்தண்ணி குடித்து முடியமுன்னமே இருட்டிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிது. பட்டறையில் நான் மட்டும். டிக் என்றது. கொஞ்சம் பொறுத்து, டிங். யாரோ காருக்குப் பின்னால் நின்று விரலால் சுண்டுவதுபோல. நான் கந்தோர் அறைக்குள் ஓடி, கதவுக்குக் கதிரையை முட்டுக் கொடுத்துவிட்டு, பாதி ‘அருள் நிறைந்த மரியாயே’யில் சவிரி அண்ணைக்குப் போன் அடித்தேன். “அண்ணை, உள்ளுக்கு ஆரோ நிக்கினம்!”

பாவம், சாப்பாட்டில் இருந்து எழும்பிக் கைகூடக் கழுவாமல் வந்தார். காரின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். பகல் முழுக்கச் சூட்டில் கிடந்த தகடு, ஹீற்றர் நின்றதும் சத்தம் போட்டிருக்கிறது. “கள்ளன் இல்லைப் பிள்ளை. குளிருக்கு ஒடுங்குது. எங்களைப்போல அதுவும் வீட்டை போகச் சொல்லிக் கேக்குது.”

இரண்டாவது வேலை

பிரேபனுக்கு ஒரு வேதம் உண்டு. காரில் இருக்கிற எதுவும் இரண்டு வேலை செய்யவேண்டும். உடம்பைத் தாங்குகிற குழாயே ரேடியேற்றர் தண்ணீரையும் கொண்டுபோகும். அதுதான் பாரத்தைக் குறைக்கிற வழி. ஒவ்வொரு துண்டையும் தூக்கிப் பிடித்துக் கேட்பார்: “இதின்ரை ரெண்டாவது வேலை என்ன?” பதில் இல்லையென்றால் அந்தத் துண்டும் இல்லை. ஒருநாள் என் மேசையில் இருந்த மாதா சுரூபத்தைக் காட்டியும் கேட்டார். “கடதாசி பறக்காமல் பிடிக்கிறா” என்றேன். விட்டுவிட்டார்.

காரைச் செய்விக்கிறவ லிஸ், இளைப்பாறின பல்வைத்தியர். வந்தால் சும்மா இருக்கமாட்டா. பாரம் குறைக்க எங்கே துளை போடலாம் என்று கேட்டு, தானே துறப்பணத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்பா. பிறேக் மிதியைத் துளைத்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினவ சொன்னா: “நாப்பது வருசமாச் சனத்தின்ரை ஓட்டையளை அடைச்சனான். இண்டைக்குத்தான் ஓட்டை போட்டுப் பேர் வாங்கிறன்.”

உள்ளுக்கு விட்டது

வளைந்த தகடுகளுக்கு முதலில் கடதாசியில் மாதிரி வெட்டவேண்டும். அதை நான் ஆசையோடு கேட்டு வாங்கினேன். கொன்வென்ரில் தையல் படிப்பித்த சிஸ்டர், வளருகிற பிள்ளைக்குக் கொஞ்சத் துணி கூட உள்ளுக்கு விட்டுத் தைக்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தவ. கை அதை மறக்கவில்லை. இடப்பக்கக் கதவுக்குச் சுற்றிவர ஒரு விரல் அகலம் கூட விட்டு வெட்டிவிட்டேன். தகடும் அப்படியே வெட்டுப்பட்டது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சவிரி அண்ணை கூடினதை வெட்டி எறியாமல் உள்பக்கமாய் மடித்துத் தட்டினார். விளிம்பு நல்ல விறைப்பாய் வந்தது. பிரேபன் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: “கார் கொழுத்தால் பிரிச்சுத் தைக்கலாமெண்டு நினைச்சியோ?”

வழங்காத கை

லிஸுக்குப் பந்தயக் கோப்பை ஒன்றும் வேண்டாம். அவவின் கணவர் ஈவர் இளவயதில் இந்தக் காரின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தவராம். பாரிசவாதம் வந்து இப்போது இடக்கை வழங்காது. அவரைப் பக்கத்தில் ஏற்றி ஒருக்கால் வேகமாய் ஓடிக் காட்டவேண்டும். அவ்வளவுதான் ஆசை. இங்கிலாந்துக் கார், ஓட்டுகிறவர் வலப்பக்கம். ஈவர் இடப்பக்கம், அந்த வழங்காத கை கதவுப் பக்கம். கதவு என்றால் முழங்கை நீளத் தகடு. கீழே பிணைச்சல், திறந்தால் வெளியே விழும். பக்கத்தில் ஆள் இல்லாமல் ஓடினால் ஒரு கரைச்சலும் இல்லை. சீற்றில் ஒரு மணல் மூட்டையை வைத்து ஓடினபோது சில வளைவில் கதவு தானாய்த் திறந்தது. ஏன் என்று உள்ளே இருந்து ஆராவது பார்க்கவேண்டும். பிரேபனின் நீளக் கால் உள்ளே கொள்ளாது, சவிரி அண்ணையின் வண்டி வயிறு கொள்ளாது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

என் அவருக்குப் போன் அடித்தேன். “இஞ்சேருங்கோ, நான் பிந்தினால் பிள்ளையை நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ.” “ஏன், எங்க போறீர்?” “பக்கத்திலைதான்.” பாவிக்காமல் விட்ட விமான ஓடுபாதை பக்கத்தில்தான் இருந்தது. லிஸ் ஓட்டினா. வலப்பக்கம் வெட்டித் திருப்ப, நான் கதவில் போய்ச் சாய, என் முழங்கைக்குக் கீழே கதவைக் காணோம். நிலம் ஓடுகிறது. வாய் மாதாவைக் கூப்பிட்டது. ஆனாலும் கண் தன் வேலையைப் பார்த்துவிட்டது: என் பாரத்துக்குப் பக்கச் சட்டம் வளைந்து, வாசல் அகன்று, பூட்டின் நாக்கு நழுவினதைக் கண்டேன். கார் நின்றபோது லிஸ் என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தா. “இது ஈவராய் இருந்திருந்தால், பிள்ளை?”

தாழ்ப்பாள்

பூட்டைப் பலப்படுத்திப் பயனில்லை, வாசல் அகன்றாலும் எட்டிப் பிடிக்கிற மாதிரி உள்ளுக்கு நீளத் தாழ்ப்பாள் வேண்டும் என்றேன். அசலில் அப்படி இல்லை என்றார் பிரேபன். “அந்த நாளையில செய்தவங்களும் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எதையாவது மாத்தினவங்கள்தானே” என்று சவிரி அண்ணை எனக்காகக் கதைத்தார். முதலில் உருக்கில் ஒன்று செய்தோம். பிரேபன் கையில் ஏந்திப் பார்த்து, பாரம் என்று கழற்றுவித்தார். பிறகு மெல்லிய அலுமினியக் குழாயில் ஒன்று. நான் பிழையாய்க் கூட விட்ட அந்த மடிப்பில்தான் அதைப் பொருத்த இடம் இருந்தது. “சரி, கதவைப் பிடிக்கிறது ஒரு வேலை. ரெண்டாவது?” என்று கேட்டார். “பக்கத்திலை இருக்கிற ஆளைப் பயப்பிடாமல் வைச்சிருக்கிறது” என்றேன். பிரேபன் றிவெற் அடிக்கிற துவக்கை எடுத்து என் கையிலேயே தந்தார்.

முதலில் நான்தான் பக்கத்தில் ஏறி இருந்தேன், லிஸ் ஓட்டினா. அதே வளைவு, அதே வேகம். கதவு அசையவில்லை. அடுத்த ஞாயிறு ஈவரைத் தூக்கி இருத்தினோம். அவர் வலக்கையை மடியின் குறுக்காய் மெல்ல மெல்லக் கொண்டுபோனார். உதவ எழும்பின என் கையைச் சவிரி அண்ணை பிடித்துக்கொண்டார். லிஸ் நேரே பாதையையே பார்த்தபடி இருந்தா. தாழ்ப்பாள் விழுந்தது. பேச்சும் இழுக்கிற மனிதர், ஒவ்வொரு சொல்லாய்ச் சொன்னார்: “லிஸ், இனி மெதுவாய் ஓட்டாதை.”

பாரம் என்று காரிலிருந்து கழற்றின உருக்குத் தாழ்ப்பாளைப் போன கிழமை என் அவர் எங்கள் வீட்டுக் கதவில் பொருத்தித் தந்தார். எல்லாப் பாரத்தையும் கழித்து எறிகிற தொழிலில் நான் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே பாரமான அதை, மகள் நித்திரையானதும் உள்ளே இருந்து போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், எழும்பிப் போய்த் திரும்பப் பார்க்கவும் இல்லை.