சாரசக் கூட்டின் மேல் ஏறிய சக்கரம்

சாரசக் கொக்கின் கூட்டை நசுக்கியது என் ஜீப்பின் சக்கரம்தான். எருமை மிதித்ததாக நான் சொன்னது பொய்.

உன்னிடம் சொல்லிவிட்டேன்! இனி நீ என்ன நினைத்தாலும் சரி... மீதியையும் கேள்.

யாங்கோன் நகரில், தின்கன்ஜூன் பகுதியில் துணிக்கடை வைத்திருப்பவள் நான். மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாவ்பி ஊரைத் தாண்டியுள்ள சதுப்புநிலக் காப்பகத்துக்கு, நான் 'அக்கோ' என்றழைக்கும் கணவர் கோ அவுங்குடன் போயிருந்தேன். புல்வெளிக்குள் ஒற்றை மணல்தடம். இருபுறமும் ஆளுயரப் புல். இடையிடையே வானம் விழுந்து கிடக்கும் நீர்.

தடம் நீரருகே சரிந்த இடத்தில் அவர் இறங்கினார். "இதுக்கு மேல வண்டி வேணாம், மல்லி. நடந்தே போவோம்."

"நீங்க முன்னால போங்க, அக்கோ. ஓரமா நிறுத்திட்டு வரேன்."

நிறுத்தினேனா? இல்லை! சேற்றில் நடக்கச் சோம்பல்... தடத்தை விட்டுப் புல்லுக்குள் ஓட்டினேன். சக்கரத்தடியில் ஏதோ மெல்ல நொறுங்கியது. இறங்கிப் பார்த்தால், குவித்த நாணலின் மேல் உடைந்த இரண்டு முட்டைகள். கரு நீரில் வழிந்துகொண்டிருந்தது.

வண்டியைப் பின்னுக்கு எடுத்துத் தடத்தில் நிறுத்தினேன். அப்போதுதான் அவை வந்திறங்கின.

என் உயரத்துக்கு இரு பறவைகள்! சாம்பல் உடல், குருதிச் சிவப்புத் தலை. கழுத்தை வானுக்கு நிமிர்த்தி, ஒரே மூச்சில் குரலெழுப்பின. நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. பிறகு ஒன்று குனிந்து, உடைந்த ஓட்டை அலகால் புரட்டியது. மற்றது ஒரு நாணலைக் கொண்டுவந்து கூட்டின் விளிம்பில் வைத்தது... மூச்சுவிடவும் அஞ்சினேன். இத்தனை பெரிய ஒன்றின் முன் நான் என்றுமே நின்றதில்லை. அழித்தவளுக்கு அதைக் காணும் உரிமையை யார் தந்தது?

குரல் கேட்டுக் காப்பகக் காவலர் ஊ சான் ஓடிவந்தார். "என்னம்மா ஆச்சு?"

"எருமை..." என்றது என் வாய். "எருமை மிதிச்சிட்டுப் போச்சு."

காவலர் கூட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரும்பி வந்திருந்த கணவரோ என் சக்கரத்தைப் பார்த்தார். அதில் ஈர நாணல் ஒட்டியிருந்தது.

அங்கே எருமை மேய்த்தவர் டோ மியா என்ற பெண்மணி ஒருவர்தான். அடுத்த ஆண்டு மழை முடிந்து நாங்கள் மறுபடி போனபோது, எருமை நுழையாதபடி மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முள்கம்பி வேலி.

"டோ மியா எருமைங்கள வித்துட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் டாலாவுக்குப் போயிட்டாங்க" என்றார் ஊ சான். "கொக்குங்கன்னா அவங்களுக்கு உசிரு. என் எருமை அந்தப் பக்கமே போகலன்னு அழுதாங்க... யாரு நம்பினா?"

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை!

திரும்பும் வழியில் கணவர் மெதுவாகச் சொன்னார்: "இன்னைக்காவது நீ உண்மையைச் சொல்லிடுவேன்னு நெனச்சேன்."

அதன்பின் பலமுறை டாலாவுக்கான படகுத்துறை வரை போயிருக்கிறேன். ஒருமுறைகூடப் படகில் ஏறவில்லை.