ஒரு வால்வு, இரண்டு பேர்

ஒரு வீடியோ கேம் கதைக்குப் பதினான்கு முடிவுகள் எழுதினார் ரூபினி. ஆடிப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஒரே முடிவில் போய் நின்றார்கள். அதனால்தான் சனிக்கிழமை காலையில் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு திரை, ஒரு கண்ட்ரோலர், முட்டி இடிக்கிற நெருக்கத்தில் இரண்டு நாற்காலிகள். கண்ட்ரோலர் யார் பக்கமும் சாயாமல் நட்ட நடுவில் இருக்க வேண்டும். அதைச் சரிபார்த்துவிட்டுப் பின்னால் போய் நின்று தலைமுடியை அவிழ்ப்பார், முடிவார், மறுபடி அவிழ்ப்பார். ஆட்டம் முடியும்வரை இது ஓயாது.

மல்லேஸ்வரத்தில் ஒரு மாடியில் இயங்கும் சின்ன வீடியோ கேம் கம்பெனியில் கதையும் வசனமும் எழுதுவது அவர் வேலை. வீடு மர்ஃபி டவுனில். தெருவில் யாராவது விசாரித்தால், "கேம்ல வர்றவங்களுக்குப் பேச்சு எழுதுறேன்" என்பார். "சண்ட கேமா?" "ஆமா, தண்ணி சண்ட." அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை, தண்ணீர்ச் சண்டை எல்லாருக்கும் தெரியும்.

அந்த விளையாட்டில் ஆடுபவர்தான் வார்டுக்குப் புதிதாக வந்த வால்வ்மேன். தோளில் நீளமான இரும்புச் சாவி. எந்தத் தெருவுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பது அவர் கையில் இருக்கிறது. தேர்தல் நெருங்குகிறது. பள்ளத்துத் தெருவில்தான் தன் ஓட்டு, அங்கே தாராளமாகத் திறந்துவிடு என்று வார்டு உறுப்பினரான கார்ப்பரேட்டர் போனில் குழைகிறார். கேட்கலாம், மறுக்கலாம், எல்லாத் தெருவுக்கும் சமமாக அரை மணி என்று பங்கு போடலாம். வேறு வழிகளும் உண்டு, தேடினால் கிடைக்கும்.

யாரும் தேடவில்லை. பங்கு போட்டதும் திரையில் பச்சை டிக் விழுந்து புள்ளி ஏறியது. ஆடியவர்கள் பெரும்பாலும் இளம் எஞ்சினியர்கள். "நாலு ஆன்ஸர்ல ஒண்ண டிக் பண்ணியே வளர்ந்தவங்க நாங்க. சரியான பதில் எதுன்னு வாசனையிலேயே கண்டுபுடிச்சிருவோம்" என்கிறார் ரூபினி. அந்த டிக்கை வைத்ததும் அவர்தான். ஒரே அரை மணியில் பள்ளத்துத் தெருவில் குடம் நிரம்பி வழியும், மேட்டுத் தெருக் குழாயில் காற்றுதான் வரும். அதையும் அவர் எழுதியிருந்தார். புள்ளி வாங்கிய சந்தோஷத்தில், மேட்டுத் தெருப் பெண்கள் காலிக் குடத்தோடு வந்து பேசும் காட்சியை எல்லாரும் தள்ளிவிட்டுப் போனார்கள்.

கன்னடம் கலந்து பேசும் முதலாளி உமேஷுக்கு இது வசதியாகப் போயிற்று. "நோடு ரூபினி, எல்லாருக்கும் பிடிச்சது ஒண்ணுதான். மிச்சத்தை வெட்டிடு. செலவும் கம்மி, பாலிடிக்ஸும் கம்மி."

"கம்மி இல்ல சார். ஒரே ஆள் நிக்கிற எலெக்‌ஷன் அது."

இந்தச் சனிக்கிழமைவரை பொறுப்பதாக உமேஷ் ஒப்புக்கொண்டார். ரூபினி டிக்கையும் புள்ளியையும் எடுத்தார். ஆட வருகிறவர்களை ஜோடியாகக் கூப்பிட்டார். "தனியா ஆடுனா எல்லாரும் நல்லவங்க. பக்கத்துல ஆள் இருந்தாத்தான் உள்ள இருக்கிறது வெளிய வரும்."

இன்றைக்கு வந்திருப்பது அவர் தெருக்காரர்கள் இருவர்: வீட்டில் ஜாக்கெட் தைக்கும் காந்தா, ஆஸ்பத்திரியில் எலெக்ட்ரீஷியனாக இருக்கும் ரெமிஜியஸ். கார்ப்பரேட்டரின் போன் வந்ததும் ரெமிஜியஸ் கண்ட்ரோலரை எடுத்தார்.

"தொறந்து வுட்டுடலாங்க்கா. நமக்கு இன்னாத்துக்கு வம்பு?"

"ஒனக்கு இன்னாப்பா, ஊட்டுக்கு அடியில சம்ப் கட்டிவச்சிகீற. தண்ணி வரலன்னா மோட்டார் போட்டுக்குவ. கொடத்தத் தூக்கினு நிக்கிறவ நானு."

"அக்கா, இது கேமு!"

"கேமுதான். அந்தப் பொம்பள கேக்குது பாரு, பதில் சொல்லு."

திரையில் மேட்டுத் தெருப் பெண் காலிக் குடத்தோடு காத்திருந்தாள். காந்தா கண்ட்ரோலரைப் பிடுங்கினார். ரெமிஜியஸ் திரும்பப் பிடுங்கினார். பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, மேட்டுக்கு முதலில், கூடுதல் நேரம் என்றும், பள்ளத்துக்குப் பிறகு, குறைவாக என்றும் பேரம் பேசி முடித்தார்கள். அந்த நேரத்தை எல்லாரும் பார்க்கும்படி தெருமுனைச் சுவரில் சாக்பீஸால் எழுதலாம் என்று ஒரு வழி இருந்தது. இதுவரை யாரும் தொடாத வழி. எழுதினார்கள். மறுகாட்சியில் கார்ப்பரேட்டர் சொல்லி வால்வ்மேனுக்கு வேறு வார்டுக்கு மாற்றல் வந்தது.

"மாத்திட்டானே பாவி!" என்றார் காந்தா.

"நான்தான் அப்பவே சொன்னனே."

"போனாப் போறான். டைமு செவுத்துல கீதில்ல? அடுத்து வர்றவன் அத அழிக்கட்டும் பாக்கலாம், தெருவே வந்து நிக்கும்."

அடுத்து வந்த வால்வ்மேன் சுவரைப் படித்தான். சாவியைத் தோளிலிருந்து இறக்கி, மேட்டுத் தெரு வால்வை முதலில் திறந்தான். முடிவு அதுதான்; அந்த மாடியில் அதை முதன்முறையாகப் பார்த்தார்கள். ரூபினியின் கை பாதிக் கொண்டையிலேயே நின்றுவிட்டது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த உமேஷ், "சரி பிடு, வெட்ட வேண்டாம்" என்றார். "ஆனா இன்னும் நாலு ஜோடி ஆடணும்."

அடுத்த சனிக்கிழமை எதிர்வீட்டுக் குளோரியாவை அழைத்து வருவதாகக் காந்தா சொல்லியிருக்கிறார். குழாயடியில் நடந்த ஒரு சண்டைக்குப் பிறகு, போன வருஷத்திலிருந்து அவர்களுக்குள் பேச்சில்லை.