செத்த வீட்டில் எரிந்த நீல லைற்

கரவெட்டியில் எங்கள் வீட்டு விறாந்தையில் என் கணவரின் பிரேதம் கிடந்தது. எனக்கு அழுகையே வரவில்லை. பின்னேரம் அங்கே ரியூப் லைற் பழுதாகிவிட, அவரின் தம்பி காளான் வளர்க்கும் அறையிலிருந்த ரியூப்பைக் கழற்றிவந்து மாட்டினார். நீலமாக எரிந்தது. அது கிருமி கொல்லும் புறஊதா விளக்கு. ஆள் இல்லாதபோது கதவைப் பூட்டிவிட்டுத்தான் என் கணவர் அதைப் போடுவார். அதைச் சொல்லவேண்டிய நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவெல்லாம் அந்த வெளிச்சத்தில் இருந்த எல்லோருக்கும் விடியக் கண் சிவந்து, மண் விழுந்ததுபோல் உறுத்தியது. எனக்குக் கண்ணீர் நிற்கவேயில்லை.

"இப்பத்தான் பிள்ளை அழுறாள், விடுங்கோ," என்றார் மாமி.

நான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன்.

இப்போது அந்த ரியூப் பழையபடி காளான் அறையில். சுவிச்சுக்கு மேலே, 'உள்ளே ஆள் நிண்டால் போடாதேங்கோ' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். கண் இரண்டு நாளில் சுகமாகிவிட்டது. நான் இன்னும் அழவில்லை.