போகாத பயணம்

பிரசவத்துக்குப் பிறகு சென்னைக்குப் போய்வர முடியாமல், காவாந்தண்டலம் பக்கத்தில் இருக்கும் கணவர் ஊரிலேயே தங்கிவிட்டேன். கிராமத்து பஸ்களுக்கு எங்கெங்கே எவ்வளவு ஆள் வரும் என்று கணக்கிடும் ஆய்வில் எனக்கு வேலை. அந்தக் கணக்குக்கான மாடலைப் போடுவது கம்ப்யூட்டரில். அதற்கு வேண்டிய விவரத்தை வீடுவீடாகக் கேட்க ஆள் கிடைக்காததால், எங்கள் ஊரில் நானே கேட்கப் போனேன்.

காலனியில், நாற்று நடும் வேலைக்குப் போகிற ஒரு அம்மா, கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து எங்கெல்லாம் போனீங்க?" இதுதான் படிவத்தின் முதல் கேள்வி.

"எங்கம்மா போறது? கண்ணு ஆப்ரேஷன் பண்ணிக்கினு வந்து கீறேன். திரும்பக் காட்ட காஞ்சிவரம் வரச் சொன்னாங்க. மத்தியான பஸ்ஸு ஒரு நாள் வருது, ரெண்டு நாள் வர்றதில்ல. நின்னு நின்னு பார்த்துட்டு வூட்டுக்கே வந்துட்டேன்."

கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். வேறு எதையும் எழுத அங்கே இடமில்லை. அந்தத் தெருவில் பாதி வீடுகளில் பெண்களுக்கு அதே பூஜ்யம்தான்.

ஆய்வுத் தலைவருக்குப் போன் செய்தேன். "போக நினைச்சு போக முடியாம போனதையும் கேட்கலாமா சார்?"

"மத்த ஊர்ல கேட்காததை உங்க ஊர்ல மட்டும் எப்படிக் கேட்கறது? நடந்த பயணத்தை வெச்சுத்தான் மாடல். முடிச்சு அனுப்புங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முடித்தேன். ஆள் வராத ஊர்களின் பட்டியலில் எங்கள் ஊர் மேலே வந்தது. மாடலை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன், மாறவில்லை. பஸ் சரியாக வராததையும் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தேன். அது அறிக்கையின் பின்னிணைப்புக்குப் போனது. சில மாதங்களில் மத்தியான பஸ் நின்றுவிட்டது.

குழந்தைக்குத் தடுப்பூசி போட உத்திரமேரூர் கிளம்பிய அன்று, ஷேர் ஆட்டோவுக்காக ரோட்டில் நின்றேன். அங்கே போய்க் காஞ்சிபுரம் பஸ் பிடிக்க அந்த அம்மாவும் நின்றிருந்தார்.

"நீதான எழுதிக்கினு போன? இன்னாம்மா எழுதின?"

"நீங்க எங்கயும் போகலைன்னு எழுதினேன்."

"நான் சொன்னதுதான்." கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துக்கொண்டார். "ஏன் போவலைன்னும் சொன்னேனே."

ஆட்டோ வந்தது. ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம்; அடுத்தது எப்போது வருமென்று தெரியாது.

"கைக்கொயந்த கீது. நீ போ," என்று என் பையை வாங்கி உள்ளே வைத்தார். ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது, ஒரு கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டு அவர் ஊர்ப்பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே தலைவர் கூப்பிட்டார். பக்கத்துத் தாலுகாவிலும் இதே ஆய்வு, இதே படிவம். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வேறு வேலை கிடைக்காது. "சரி சார்" என்றேன்.