தனி ஆவர்த்தனம் இல்லை, உட்காருங்கோ

திரையில் பாடிக்கொண்டிருந்த ஆள் சட்டென்று மைக்கை விட்டு இரண்டடி பின்வாங்கினார். கிடார்ப் பெட்டியை விரலால் தட்டினார் – டக்கடி டக்கடி, குதிரை ஓடுகிற மாதிரி. அந்த இடைவெளியில் ஃபிடிலோடு ஒரு வழுக்கைத் தலைக்காரர் முன்னால் வந்து, நின்றபடியே வெளுத்து வாங்கினார்.

ஃபிடில்தானே? நம் வயலின்தானே?

அந்த வழுக்கைத் தலையின் இடத்தில் எங்கள் ஜயா அக்காவை வைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான். ஐடியா வந்துவிட்டது, தூக்கம் போய்விட்டது.

நடந்த இடம், பம்பாயில் கோட்டைப் பக்கம் ஒரு வெளிநாட்டு நூலகம். சனிக்கிழமைகளில் அங்கே இலவசமாகப் படம் காட்டுகிறார்கள். அவர்கள் ஊர் டெலிவிஷனில் வந்த வெரைட்டி ஷோக்களை ஃபிலிம் சுருளில் பதிவு செய்து அனுப்புகிறார்களாம். எங்கள் ஊருக்கு இன்னும் டெலிவிஷன் வரவில்லை; பெட்டி எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் நான் டெலிவிஷன் ரசிகை. இந்த ஊரில் எதற்குத்தான் வழியில்லை?

கோட்டு சூட்டில் ஒருவர் வந்து ஜோக் சொல்வார். பந்து வீசிப் பிடிப்பவர் வருவார். பேசும் பொம்மை வரும். பிறகு வைக்கோல் கட்டுகள் அடுக்கிய மேடையில், ஜிகினா வைத்த சட்டையும் பெரிய தொப்பியுமாக, அவர்கள் ஊர்க் கிராமத்துப் பாட்டான கன்ட்ரி பாடுகிறவர்கள். எல்லாம் மூன்று மூன்று நிமிஷம். மாலை இல்லை, பொன்னாடை இல்லை, நன்றியுரை இல்லை. நம் மாதுங்கா சபாவில் இதைச் சொன்னால் யாராவது நம்புவார்களா?

படம் முடிந்ததும் புரொஜெக்டர் ஓட்டுகிற முத்தையாவிடம் போய் நின்றேன். தாராவிக்காரன். அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம். ரீலை ஓட்டி ஓட்டியே அந்தப் பாட்டெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பக்கத்து வீட்டு கோவாக்காரரிடம் கிடாரும் பழகியிருக்கிறான்.

“சபா ஆண்டு விழாவில பாடறியா?”

“நானா? யக்கா, உங்க சபால என்னய உள்ள விடுவாவளா?”

“கூட எங்க அக்கா வயலின்.”

“தொப்பி உண்டுமா?”

“உண்டு.”

“அப்பம் சலேகா.” பம்பாய் ஹிந்தியில் சரி என்று அர்த்தம்.

அடுத்த தடை செக்ரட்டரி மாமா. ஆண்டு விழாவில் இளைஞர்களுக்கென்று அரை மணி நேரம் உண்டு. போன வருஷம் அதில் மோனோ ஆக்டிங் போட்டோம். முடிகிறபோது ஹாலில் மிஞ்சியது நடித்தவனின் அம்மா மட்டும். மற்றவர்கள் கான்டீனில்.

“இதோ பார்டி, கன்ட்ரியோ கர்நாடகமோ, எனக்கு எல்லாம் ஒண்ணுதான்” என்றார் மாமா. “இந்தத் தடவையும் முன் வரிசை எழுந்து காபிக்குப் போச்சுன்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து அந்த அரை மணியை பஜனைக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து மூஞ்சியைத் தூக்கிண்டு நிக்கப்படாது.”

அந்த அரை மணி போனால் எங்களுக்கு என்ன மிச்சம்? நாற்காலி அடுக்குகிற வேலைதான்.

ஒத்திகை ஆரம்பித்தது. ஜயா அக்கா நிற்க மறுத்தாள். “நின்னுண்டு வாசிக்க நான் என்ன பாண்டு கோஷ்டியா? ஜமக்காளம் போடு.” போட்டோம். அவள் கீழே சம்மணம் போட்டு உட்கார, பக்கத்தில் தொப்பியோடு முத்தையா நிற்க... யாரோ வழி கேட்க வந்து நின்ற மாதிரி இருந்தது. போகட்டும், வெரைட்டிதானே?

விழா நாள். ஹால் நிறையக் கூட்டம். முதல் இரண்டு வரிசை முழுக்க ரயில்வேயில் ரிட்டயர் ஆன மாமாக்கள். நான்தான் அறிவிப்பாளர். மாலை, பொன்னாடை எல்லாவற்றையும் போராடித் தவிர்த்துவிட்டு, ரீலில் பார்த்த மாதிரியே சிரித்து, கையை நீட்டி, “முத்தையா” என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கினேன்.

ஆங்கிலப் பாட்டு; ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடியும் விளக்குமாக நிற்கும் ஒரு கார்டைப் பற்றியது. நல்ல குரல் அவனுக்கு. முதல் சரணம் முடிந்தது. சில தலைகள்கூட ஆடின. முத்தையா ரீலில் பார்த்தபடியே மைக்கை விட்டுப் பின்வாங்கி, கிடார்ப் பெட்டியைத் தட்ட ஆரம்பித்தான். டக்கடி டக்கடி.

இப்போது அக்கா வாசிக்க வேண்டும். ஒத்திகையில் வாசித்தாள். மேடையில் என்ன செய்தாள் தெரியுமா? பாடகர் நிறுத்திவிட்டார், தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது... பன்னிரண்டு வருஷக் கர்நாடக சங்கீத சிட்சை சும்மா இருக்குமா? வில்லை மடியில் வைத்துவிட்டு, பவ்யமாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டாள்.

ஹால் புரிந்துகொண்டது. தனி ஆவர்த்தனம், மிருதங்கம் மட்டும் வாசிக்கிற நேரம். அப்படியென்றால் காபி.

முன் வரிசை எழுந்தது. இரண்டாம் வரிசை எழுந்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. செக்ரட்டரி மாமா பக்கவாட்டில் நின்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அடுத்த வருஷ பஜனையின் ஜால்ரா சத்தம் கேட்டது. நான் அக்காவுக்குக் கை காட்டுகிறேன், அவள் கண்ணை மூடித் தாளத்தில் லயித்திருக்கிறாள்.

முத்தையா மைக்குக்கு வந்தான். தட்டுவதை மட்டும் விடவில்லை.

“அண்ணாச்சி, எல்லாரும் எங்க போறிய? அந்த கார்டு பாவம், இன்னும் வண்டியிலயேல்லா நிக்கான்.”

கதவருகே போய்விட்ட ஒரு மாமா திரும்பினார். அவரே முப்பது வருஷம் கார்டாக இருந்தவர். “எந்த கார்டு?”

“பாட்டுல வாரவரு. லைன் ஓரமா ஒரு வீடு. அதுல ஒரு பொண்ணு. தெனமும் ராத்திரி அந்த வீட்டத் தாண்டும்போது இவரு பச்சை வெளக்கை ஆட்டுவாரு. அவ ஜன்னலத் தொறப்பா.”

“கூட்ஸா, பாசஞ்சரா?”

“பாசஞ்சரு.”

“பாசஞ்சர்ல வீட்டைப் பாத்துப் பச்சை விளக்கா? டிரைவர் அதை என்னன்னு எடுத்துப்பான்?”

பின்னாலிருந்து ஒரு குரல்: “பொண்ணு லட்சணமா இருந்திருப்பா. விடுங்கோ ஓய்.”

“லட்சணமா இருந்தா மெமோ வராதா?”

ஹால் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் அக்கா கண்ணைத் திறந்தாள். என்ன ஆயிற்று என்று புரிந்து, அவசரமாக வில்லை எடுத்து மெல்லிசாக இழுக்க ஆரம்பித்தாள். கார்டு மாமா கதவருகேயே நின்றுகொண்டு, “சரி, மெமோ வந்துதா இல்லையா?” என்றார்.

“பாடுதேன், இருந்து கேளுங்க.”

உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் வரிசையே உட்கார்ந்தது. அதற்கப்புறம் முத்தையா ஒரு சரணம் பாடுவான், கிடாரைத் தட்டிக்கொண்டே அதன் கதையைச் சொல்வான். பேச்சுக்கு அடியில் அக்காவின் வயலின். ஜிகினா சட்டைக்காரர்களும் பாட்டுக்கு முன்னால் இப்படித்தான் பேசுவார்கள். நேரத்தை ஓட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை, ஆளைப் பிடித்து உட்கார வைக்கிறார்கள். நம் ஊர்க் கதாகாலட்சேபக்காரர்களுக்கு இது தெரியாத வித்தையா என்ன? கடல் தாண்டிப் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது எனக்குத்தான்.

கடைசிச் சரணத்தில் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. கார்டு விளக்கை ஆட்டிவிட்டுப் போகிறான். கார்டு மாமா மூக்கைச் சிந்தினார். ஜலதோஷம் என்றார்.

நான் செக்ரட்டரி மாமாவிடம் போய் நின்றேன். “முன் வரிசை எழுந்துதே மாமா...”

“எழுந்துது. நானும் பாத்தேன். போனது திரும்பி வந்தா என்ன பண்றதுன்னு நான் ரூல் போடலையே.” கான்டீன் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அடுத்த வருஷமும் அரை மணி உன்னோடதுதான். ஆனா காபிக்குன்னு தனியா நேரம் விடு. கான்டீன்காரர் அத்தனை காபியும் ஆறிப்போச்சுன்னு சண்டைக்கு வரார்.”

காத்திருப்பானேன்? தமிழிலேயே சொந்தமாக ஒரு பாட்டு எழுத ஆரம்பித்துவிட்டோம். வைக்கோலுக்குப் பதில் பால் கேன்கள், குதிரைக்குப் பதில் கல்யாண் லோக்கல் ரயில். வரும் ஞாயிற்றுக்கிழமை சுனாபட்டியில் முத்தையாவின் பெரியம்மா வீட்டில் முதல் ஒத்திகை. அக்கா ஸ்டூலில் உட்காரச் சம்மதித்திருக்கிறாள். நிற்பதைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது.

முதல் வரியில் வண்டி சரியான நேரத்துக்கு வருவதாக எழுதியிருந்தோம். முன் வரிசை முழுக்க ரயில்வேக்காரர்கள் என்பதால் அதை மட்டும் அடித்துவிட்டேன்.