இரும்பா, பிளாஸ்டிக்கா?
என் ஆயுத அனுபவம் கொசு பேட்டோடு சரி. ஆனாலும் பனிமலை எல்லையிலிருந்து விடுப்பில் வந்திருந்த, தங்கையின் ராணுவக்காரக் கணவருக்கு, துப்பாக்கியில் தோட்டா அடுக்கும் மேகசினைப் பற்றி எங்கேயோ படித்ததை வைத்துப் பாடம் எடுத்தேன்.

"இரும்பு நசுங்குனாலும் உடையாது மாப்ள. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, ஆனா கடும் பனியில விரிசல் விட்டுரும்."

தோசை கொண்டுவந்த தங்கை அப்படியே நின்றுவிட்டாள். "உங்களுக்குக் குடுத்திருக்கது எது?"

"இரும்புதான்," என்றார் அவர், என்னை முறைத்தபடி.

மறுநாள் அவர் பனிமலைக்குத் திரும்பினார். ரயிலடியில் அவள் நீட்டிய புளிச்சோறு வழக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் இல்லை. கனத்த எவர்சில்வர் தூக்கில் இருந்தது. அவர் 'இரும்புதான்' என்றதை அவள் நம்பவில்லை என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது.

"நீங்க படிச்சதுக்கு நான் இம்புட்டுக் கனம் சுமக்கணுமா மச்சான்?" என்றவர், வண்டி நகரும்வரை தூக்கை மடியிலிருந்து இறக்கவில்லை.