சாட்சிக்காரி

என் ஓரகத்திக்குச் சபையில் ‘சாட்சிக்காரி’ என்று பெயர். ஞாயிறு ஆராதனையில் போதகர், “யாருக்காவது சாட்சி இருக்கா?” என்று கேட்டு வாய் மூடுவதற்குள் எழுந்துவிடுவாள். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்ததாம், அதில் ஆண்டவர் இருந்தாராம். பால் பொங்கி வழிவதற்குள் அடுப்பு ஞாபகம் வந்ததாம், அதிலும் இருந்தாராம். காணாமல் போன செருப்பு கட்டிலுக்கடியில் அகப்பட்டதாம், அங்கேயும் அவர்தானாம். கட்டிலுக்கடியில் அவருக்கென்ன வேலை என்று ஒருவரும் கேட்பதில்லை. எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லுவார்கள்.

நான் பிறந்து வளர்ந்ததே இந்தச் சபையில்தான். அவள் என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு ஞானஸ்நானம் எடுத்தவள். நேற்றைய மழைக்கு இன்று முளைத்த காளான். நான் உபவாசம் இருந்திருக்கிறேன், ஓய்வுநாள் பள்ளி நடத்தியிருக்கிறேன், வேதாகமத்தை ஏழு தடவை வாசித்து முடித்திருக்கிறேன். ஒரு நாளாவது அவர் என் பக்கம் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை, எனக்கென்று வந்தால் போதும் என்றுதான் கேட்டேன். வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

இருவருக்கும் வேலை ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில். இயந்திரத்திலிருந்து சுடச்சுட வரும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து சேர்க்க வேண்டும். தரையில் பட்டால் அந்த விரிப்பு மறுபடி சலவைக்குப் போய்விடும். எட்டு வருஷமாக அவளுக்கு எதிர்முனை பிடிப்பவள் நான்தான்.

ஒரு நாள் காய்ச்சலால் நான் போகவில்லை. மறுநாள், விரிப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நேத்து அறுபது விரிப்பு, தனியா மடிச்சேன். ஒன்னுகூட தரையில படல. அந்தப் பக்கம் யாரோ பிடிச்ச மாதிரியே இருந்துச்சு.”

“மேஜை மேல போட்டு மடிச்சிருப்ப.”

“மேஜை மேலதான் போட்டேன். ஆனாலும் பிடிச்சாரு, அக்கா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு வருஷம் நான் பிடித்தது ஒரு சாட்சியிலாவது வந்ததுண்டா? ஒரே ஒரு நாள் பிடித்தவருக்கு இத்தனை மரியாதை!

அந்த ஞாயிறு போதகர் கேட்டதும் அதிசயமாக அவள் எழவில்லை. நான் எழுந்தேன். அவள் லீவு போட்ட ஒரு நாளில் நான் தனியாக மடித்தேன் என்றேன். அறுபது விரிப்பு, எதிர்முனையில் ஒரு பிடி. சொல்லச் சொல்ல எனக்கே நடந்தது போல இருந்தது. சபை அல்லேலூயா என்றது. போதகரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் இருப்பவள் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவளுக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, உங்களுக்கும் பிடிச்சாரா? எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சோன்னு பயந்துட்டு இருந்தேன். உங்களை மாதிரி ஒரு விசுவாசியே சொல்லிட்டீங்க. இப்பதான் நிம்மதியா இருக்கு.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“எனக்கு அந்தப் பக்கம் யாரும் பிடிக்கலடி. உன்னோடதைத்தான் எடுத்துச் சொன்னேன்.”

விரிப்பை அப்படியே விட்டுவிட்டாள். அது தரையில் விழுந்தது.

“மத்த எல்லாத்தையும் ஊருக்கே சொன்னேன். அது ஒன்னைத்தான் எனக்குன்னு வெச்சிருந்தேன்.”

அந்த வாரம் முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. மூலையைப் பிடித்தாள், உதறினாள், போனாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால் சபையில் நாற்பது வருஷமாக எடுத்த பெயர் ஒரே நாளில் போய்விடும். சொல்லாவிட்டால் அவளுடையது அவளுக்குத் திரும்பாது.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன்.

“போன வாரம் நான் சொன்னது பொய். அது என் ஓரகத்திக்கு நடந்தது. எனக்கு இன்னைக்கு வரைக்கும் எதுவுமே நடந்ததில்ல. பொறாமையில சொல்லிட்டேன்.”

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. போதகரின் மனைவி குனிந்து கைப்பையில் எதையோ தேடினார். உட்கார்ந்தேன்.

பக்கத்தில் அவள் எழுந்தாள். தோலை உரிக்கப் போகிறாள், உரிக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“எனக்கு ஒரு சாட்சி இருக்கு. ஆண்டவரை இப்பதான் பாத்தேன். எங்க அக்கா எழுந்து நின்னாங்களே, அப்ப அவங்க பக்கத்துலயே நின்னாரு.”

சபை முழுக்க ஸ்தோத்திரம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே வயிறும் எரிந்தது. நாற்பது வருஷமாக நான் கூப்பிட்டவர், ஒருவழியாக என் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார். அதையும் அவளுக்குத்தான் காட்டியிருக்கிறார்.